பின்னால் போ என்றால் எங்கே போய் நிற்பது?

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் டவுனில், கடிதமும் விண்ணப்பமும் டைப் செய்து கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் கொஞ்சக் காலம் மாலை நேரங்களில் வேலை பார்த்தேன். என்னோடு அங்கே இருந்த அக்கா பதினைந்து வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்து பழகியவர். யூனிகோடுக்கு மாறிய முதல் வாரத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

'தோட்டம்' என்று அடித்திருந்தார். பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டினார். 'தோட்டம' என்று ஆனது. புள்ளி மட்டும் போயிருந்தது. புள்ளியைத் திரும்பப் போட்டார். இடப்பக்க அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே சொல்லின் முன்னுக்கு வந்தார். நாலே தட்டில் வந்துவிட்டது. அங்கே நின்று டிலீட்டை ஒரு தடவை தட்டினார். 'தோ' முழுசாகப் போய், 'ட்டம்' மட்டும் மிஞ்சியது.

"தம்பி, பின்னால இருந்து அழிச்சா பாதி போகுது. முன்னால இருந்து அழிச்சா முழுசா போகுது. இது என்ன கணக்கு? வைரஸா?"

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அப்படித்தான் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அது பதிலே இல்லை. இந்தக் கேள்விக்குப் பலரும் "சாஃப்ட்வேர் சரியில்லை", "தமிழுக்குக் கம்பியூட்டர் ஒத்துவராது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மையல்ல. அக்காவுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது முறையாக எழுதுகிறேன்.

கர்சர் நிற்பது சுவரில்

எழுதும் இடத்தில் மினுங்கும் கோடுதான் கர்சர். அது ஒரு எழுத்தின் மேல் நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு எழுத்துக்கு நடுவில் நிற்கிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஆறு காம்பரா, அதாவது அறை. சுவர்களை எண்ணினால் ஏழு வரும்: இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் ஐந்து. எழுத்துகள்தான் காம்பராக்கள். கர்சர் எப்போதும் ஏதாவதொரு சுவரில் சாய்ந்து நிற்கும் ஆள். அதனால் ஆறு எழுத்துள்ள சொல்லில் கர்சருக்கு ஏழு இடம் உண்டு. 'ஒரு எழுத்து பின்னால் போ' என்றால், இப்போது நிற்கும் சுவரை விட்டு இடப்பக்கத்தில் அடுத்து வரும் சுவருக்குப் போ என்று அர்த்தம்.

இந்த வழக்கத்துக்கு மாறாக நடக்கும் எடிட்டர்களும், அதாவது எழுதித் திருத்தும் மென்பொருள்களும், உண்டு. பில் ஜாய் 1976 இல் எழுதத் தொடங்கிய வீஐ, அதன் வழியில் 1991 இல் ப்ராம் மூலெனார் வெளியிட்ட விம், இரண்டிலும் கட்டளை கொடுக்கும் நிலையில் கர்சர் எழுத்தின் மேலேயே கட்டமாக உட்காரும். எழுதும் நிலையில் மட்டும் சுவருக்கு வரும். எழுதி முடித்து எஸ்கேப் தட்டியதும் கர்சர் ஒரு எழுத்து பின்னால் நகர்வதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். சுவரில் நின்ற ஆள் காம்பராவுக்குள் போக வேண்டுமே. இடப்பக்கக் காம்பராவுக்குள் போகிறது, அவ்வளவுதான்.

ஒரு எழுத்துக்குள் எத்தனை துண்டு?

இப்போது அக்காவின் 'தோட்டம்'. நம் கண்ணுக்கு நாலு எழுத்து: தோ, ட், ட, ம். கம்பியூட்டர் சேமித்து வைப்பது ஏழு துண்டு. 'தோ' என்பது 'த' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. 'ட்' என்பது 'ட' ஒன்று, புள்ளி ஒன்று. பிறகு தனி 'ட'. கடைசியில் 'ம', அதன் புள்ளி. யூனிகோடு என்ற உலகப் பொது ஏற்பாட்டில் இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணைக் குறியெண் என்று சொல்லலாம். 1991 இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்படவில்லை. உயிர், அகரமேறிய மெய், குறிகள், புள்ளி என்று துண்டுகளுக்கே இடம் கொடுத்தார்கள். துண்டுகளைச் சேர்த்து எழுத்தாக வரைவது திரையின் பொறுப்பு.

சேர்ந்து ஒரே எழுத்தாகத் தெரியும் துண்டுகளின் தொகுதியை எழுத்துக்கூட்டு என்று வைத்துக்கொள்வோம். லயத்துக் கணக்கில் எழுத்துக்கூட்டு என்பது ஒரு காம்பரா, குறியெண் என்பது காம்பராவுக்குள் பலகை வைத்துத் தடுத்த பகுதி. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிக் குடும்பம் பெருகும்போது ஒரே காம்பராவை இரண்டாகத் தடுத்துக்கொள்வது நாம் பார்த்துப் பழகியதுதானே. வெளியில் இருந்து பார்த்தால் ஒரு வாசல், ஒரு காம்பரா. உள்ளே தடுப்பு இருப்பது உள்ளே போனவருக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒரு சிக்கல். 'தோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைப்பது ஒரு விதம். கொம்பையும் (ே) அரவையும் (ா) தனித்தனியாக வைத்து, 'த', கொம்பு, அரவு என்று மூன்று துண்டாக வைப்பது இன்னொரு விதம். இரண்டும் ஒன்றேதான் என்று யூனிகோடு சொல்கிறது. திரையிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பேக்ஸ்பேஸ் தட்டினால் முதல் வகையில் 'த' மிஞ்சும், இரண்டாவதில் 'தே' மிஞ்சும். ஒரே கடிதத்தில், ஒரே சொல் ஒரு வரியில் ஒரு மாதிரியும் இன்னொரு வரியில் வேறு மாதிரியும் அழிவதைப் பார்த்திருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான். வேறு வேறு இடத்தில் இருந்து வெட்டி ஒட்டிய கடிதங்களில் இது அடிக்கடி நடக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவு. கர்சர் சுவரில் நிற்கிறது. காம்பராவின் வெளிச்சுவரும் உண்டு, உள்தடுப்பும் உண்டு. பின்னால் போகச் சொல்லும்போது எதை எண்ணிப் போவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

நகர்வதும் அழிப்பதும்

அம்புக்குறி வெளிச்சுவர்களை மட்டும் எண்ணுகிறது. அதனால்தான் 'தோட்டம்' நாலு தட்டில் முடிந்தது. 'த'வுக்கும் ஓகாரக் குறிக்கும் நடுவில் கர்சரை நிறுத்தி ஒரு பயனும் இல்லை. கண்ணுக்கு அங்கே இடமே இல்லையே. 'தோ'வில் குறி இரண்டு பக்கமும் அல்லவா நிற்கிறது.

பேக்ஸ்பேஸ் பல எடிட்டர்களில் உள்தடுப்புகளையும் எண்ணும். 'தோட்டம்' முழுதும் அழிய ஏழு தட்டு வேண்டும். இதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன், யோசித்து வைத்த ஏற்பாடு. பேக்ஸ்பேஸை எப்போது தட்டுகிறோம்? பெரும்பாலும் இப்போதுதான் அடித்ததைத் திருத்த. 'கீ' என்று அடிக்கப் போய் 'கி' என்று அடித்துவிட்டால், குறியை மட்டும் எடுத்துவிட்டு வேறு குறி போட்டால் போதும். 'க'வையும் சேர்த்து இழக்கத் தேவையில்லை.

டிலீட் அப்படியல்ல. அது முன்னால் இருப்பதை அழிக்கிறது. முன்னால் 'தோ' நிற்கும்போது 'த'வை மட்டும் அழித்தால் ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாமல் ஓகாரக் குறி மட்டும் அந்தரத்தில் நிற்கும். திரையில் புள்ளி வட்டத்தோடு வருமே, அந்தக் கோலம். அதனால் டிலீட் முழுக் காம்பராவையும் எடுக்கிறது.

அக்காவின் கேள்விக்குப் பதில் இதுதான்: பின்னால் நகர்வது எழுத்துக்கூட்டால், பின்னால் அழிப்பது குறியெண்ணால், முன்னால் அழிப்பது மறுபடி எழுத்துக்கூட்டால். பாமினியில் இந்தப் பேதம் இருக்கவில்லை. அங்கே கொம்பு ஒரு தட்டு, 'த' ஒரு தட்டு, அரவு ஒரு தட்டு. 'தோட்டம்' எட்டுத் தட்டு. எந்தப் பக்கத்தில் இருந்து அழித்தாலும் ஒவ்வொன்றாகவே போகும். பதினைந்து வருடம் அப்படிப் பழகிய விரல் புதுக் கணக்கைக் கண்டு திகைத்தது. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

சொல் சொல்லாகப் போகும்போது

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அம்புக்குறி தட்டினால் கர்சர் ஒரு சொல்லைத் தாண்டும். மேக்கில் ஆப்ஷன் விசை. இங்கேதான் 'பின்னால்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது வெளியே தெரிகிறது.

நம்முடைய மலைநாட்டு ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளம். பதுளைக்குப் போகும் ரயிலும் கொழும்புக்கு வரும் ரயிலும் தலவாக்கலையில் ஒரே ஸ்டேஷனில்தான் நிற்கும். ஹட்டனில் ஏறி, கொட்டகலை, தலவாக்கலை என்று போய், மறதியில் வட்டகொடையில் இறங்கிவிட்டால் அடுத்த ரயிலில் திரும்பித் தலவாக்கலையில், அதே ஸ்டேஷனில் இறங்கலாம். விண்டோஸ் இந்த மாதிரி. வலப்பக்கம் போனாலும் இடப்பக்கம் போனாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் நிற்கும்.

பஸ் அப்படியல்ல. ஒரு சின்ன டவுன். மேலே போகும் பஸ் கடைத்தெருவைத் தாண்டி மேல் கோடியில் நிற்கிறது. கீழே வரும் பஸ் கடைத்தெருவைத் தாண்டிக் கீழ்க் கோடியில் நிற்கிறது. இரண்டும் 'டவுனைத் தாண்டி நிற்பது' என்ற ஒரே ஒழுங்கில்தான் நிற்கின்றன. ஆனால் இறங்கும் இடம் வேறு. மேக் இந்த மாதிரி. வலப்பக்கம் போனால் சொல்லின் முடிவில் நிற்கும், இடப்பக்கம் வந்தால் தொடக்கத்தில் நிற்கும். ஈமாக்ஸ் எடிட்டரும் அப்படியே.

'கொழுந்தை மடுவத்தில் நிறுத்தார்கள்' என்ற வரியை எடுங்கள். வரியின் தொடக்கத்தில் இருந்து வலப்பக்கம் இரண்டு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை போங்கள். விண்டோஸில் 'மடுவத்தில்' என்பதன் முன்னால் நிற்பீர்கள். முதல் தட்டில் நின்ற அதே இடம். மேக்கிலும் 'மடுவத்தில்' முன்னால்தான் நிற்பீர்கள், ஆனால் முதல் தட்டில் நின்றது 'கொழுந்தை' முடிந்த இடத்தில். நடுவில் ஒரு இடைவெளி வித்தியாசம்.

முதல் ஒழுங்கு வந்த வழியே திரும்புவது. இரண்டாவது கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பிப் போட்டது. இரண்டில் எது சரி என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சரிதான் என்பது என் கருத்து. விம் எழுதியவர்கள் இரண்டு சோடியாகவே கொடுத்துவிட்டார்கள்: டபிள்யூ, பீ என்ற விசைகள் இரண்டும் சொல்லின் தொடக்கங்களில் நிற்கும், ஈ, ஜீஈ இரண்டும் சொல்லின் முடிவுகளில் நிற்கும். எந்தச் சோடியை எடுத்தாலும் போன இடத்தில் இருந்து திரும்பி வரலாம். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

பிழை என்று நான் சொல்வது வேறு. தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் '1,000' ரூபாய் என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. 2021 இல் வர்த்தமானியில் வந்த தொகை. வலப்பக்கம் போகும்போது '1,000' முழுதையும் ஒரே சொல்லாகத் தாண்டுகிறது, இடப்பக்கம் வரும்போது காற்புள்ளியில் தடுக்கி நிற்கிறது என்றால், அது ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. போகும்போது ஒரு சட்டம், வரும்போது ஒரு சட்டம். எடிட்டர் செய்தவர் திருத்த வேண்டியது இதைத்தான்.

எடிட்டருக்குள் என்ன நடக்கிறது?

இந்தப் பிழை எப்படி வருகிறது என்றால், முன்னால் போகும் நிரலை ஒரு ஆள் ஒரு நாள் எழுதுகிறார், பின்னால் போகும் நிரலை வேறொருவர் வேறொரு நாள் எழுதுகிறார். சொல் எது, எழுத்து எது என்று இருவரும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறார்கள். சின்னச் சின்ன இடங்களில் தீர்மானம் மாறிவிடுகிறது.

சரியான வழி எளிமையானது. கர்சர் நிற்கக்கூடிய இடங்களை முதலில் ஒரே சட்டத்தால் குறித்துக்கொள்ள வேண்டும். இதை எல்லைப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். 'முன்னால்' என்றால் இப்போதைய இடத்துக்கு மேற்பட்ட எல்லைகளில் மிக அருகில் இருப்பது. 'பின்னால்' என்றால் அதற்குக் கீழ்ப்பட்ட எல்லைகளில் மிக அருகில் இருப்பது. இரண்டும் ஒரே பட்டியலைப் பார்த்தால், ஒரு எல்லையில் இருந்து முன்னால் ஒரு தட்டு போய்ப் பின்னால் ஒரு தட்டு வந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்தாக வேண்டும். வராமல் இருக்க வழியே இல்லை. கண்ணாடி ஒழுங்கு வேண்டுமா? தொடக்கங்களுக்கு ஒரு பட்டியல், முடிவுகளுக்கு ஒரு பட்டியல் வைக்கலாம். ஆனால் சொல் எது என்று தீர்மானிக்கும் சட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பின்னால் போவது ஏன் கடினம்?

எழுத்தை வாசிக்கும் சட்டங்கள் இடமிருந்து வலமாக எழுதப்பட்டவை. முன்னால் போகும்போது, வந்த வழி தெரியும். பின்னால் போகும்போது பனிமூட்டத்தில் இறங்குவது போல. காலடியில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

சில இடங்களில் இதற்கு முன்யோசனையோடு வழி செய்திருக்கிறார்கள். 1992 இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. பைட் என்பது நினைவகத்தின் சின்ன அலகு. நம் 'தோட்டம்' ஏழு குறியெண், ஆக 21 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எஞ்சின் போல, பின்னால் வரும் இரண்டும் பெட்டிகள் போல. பார்த்ததுமே எது எது என்று தெரியும்படி அடையாளம் வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் இருந்து இடப்பக்கமாக நடந்து எஞ்சினைக் கண்டதும் நின்றால் போதும். அழகான வேலை.

எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. போனில் அனுப்பும் நாட்டுக்கொடிகளை எடுங்கள். இலங்கைக் கொடி என்பது ஒரு படமாகச் சேமிக்கப்படுவதில்லை. 'எல்', 'கே' என்ற இரண்டு குறி எழுத்துகள் சோடி சேர்ந்தால் கொடியாகத் தெரியும். இந்தியக் கொடி 'ஐ', 'என்'. இரண்டு கொடியையும் அடுத்தடுத்து வைத்தால் எல், கே, ஐ, என். முன்னால் நின்று அழிக்கும்போது எடிட்டர் கவனமில்லாமல் 'எல்'லை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் கே, ஐ, என். இப்போது 'கே'யும் 'ஐ'யும் சோடி சேரும். அது கிரிபட்டி நாட்டின் கொடி! இலங்கையும் இந்தியாவும் இருந்த இடத்தில் பசிபிக் தீவு நாடு ஒன்று வந்து நிற்கும்.

பள்ளிப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்திய வரிசை மாதிரிதான் இது. முன்னால் இருந்து எண்ணினால் யார் யாரோடு சோடி என்று தெரியும். வரிசையின் நடுவில் வந்து நின்றுகொண்டு கேட்டால் தெரியாது. நல்ல எடிட்டர் என்ன செய்கிறது என்றால், பின்னால் போகச் சொன்னதும் சந்தேகமில்லாத ஓர் இடம்வரை, அதாவது கொடிகள் தொடங்கும் இடம்வரை பின்வாங்கி, அங்கிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, கடைசியாகக் கண்ட எல்லையில் நிற்கிறது. பின்னால் ஒரு அடி வைக்க, பின்னால் பத்து அடி போய் முன்னால் ஒன்பது அடி வருகிறது. இதெல்லாம் நாம் கண் இமைக்கும் முன்னே முடிந்துவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், பட்டியல் ஒன்று இருந்தால் போதும். ஆனால் அந்தப் பட்டியலை முன்னோக்கி எண்ணித்தான் எழுத முடியும்.

இன்னும் இரண்டு 'பின்னால்'

மேலும் கீழும் நகர்வதிலும் திரும்புதல் உண்டு. நீள வரியின் நடுவில் இருந்து கீழே உள்ள குட்டை வரிக்கு வந்தால் கர்சர் அதன் கோடியில் நிற்கும். மறுபடி மேலே போனால் பழைய நடு இடத்துக்கே போக வேண்டும். நல்ல எடிட்டர் அந்த இடத்தை மனதில் வைத்திருக்கும்.

அடுத்தது, பல கோப்புகளில் தாவித் தாவி வேலை செய்பவர்களுக்கான 'போன இடத்துக்குத் திரும்பு'. விம்மில் கன்ட்ரோல்-ஓ, விஎஸ் கோடு என்ற எடிட்டரில், விண்டோஸ் என்றால், ஆல்ட்டோடு இடப்பக்க அம்புக்குறி. இது எழுத்தையோ சொல்லையோ எண்ணுவதில்லை. நீங்கள் நின்ற இடங்களின் சுவடு அது.

ஒரு சோதனை

உங்கள் எடிட்டரில் 'ஸ்ரீ பாத' என்று அடியுங்கள். 'ஸ்ரீ' கண்ணுக்கு ஒரே எழுத்து. சேமிப்பில் நாலு துண்டு: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. யூனிகோடின் பொது எல்லைச் சட்டமோ இதை ஸ், ரீ என்று இரண்டு எழுத்துக்கூட்டாக எண்ணுகிறது. ஆக, ஒன்று, இரண்டு, நாலு என்று மூன்று பதிலும் நியாயமானவை. கர்சரை 'ஸ்ரீ'க்குப் பின்னால் வைத்து அம்புக்குறியால் ஒரு தட்டுப் பின்னால் போங்கள். சில எடிட்டர்களில் முழுதையும் தாண்டும், சிலவற்றில் 'ஸ்ரீ'யின் வயிற்றுக்குள்ளேயே நிற்கும். எங்கே நின்றது என்று பார்த்துவிட்டு, வலப்பக்க அம்புக்குறியை ஒரு தடவை தட்டுங்கள்.

அக்கா இந்தச் சோதனையைக் கடையில் இருந்த இரண்டு கம்பியூட்டரிலும் செய்து பார்த்தார். ஒன்றில் தாண்டியது, ஒன்றில் நடுவில் நின்றது. இரண்டிலும் வலப்பக்கம் தட்டியதும் கிளம்பிய இடத்துக்கே வந்தது. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பாதியில் நின்ற கடிதத்தை எடுத்தார்.